பணம் கட்டி ஆடியவர்களின் கடைசி இன்னிங்ஸ்

மரியானோ ரிவேரா 2013-ம் ஆண்டோடு ஓய்வு பெறப்போவதாக அறிவித்ததும், அந்த சீசன் முழுக்க அவர் ஆடப்போன ஊரெல்லாம் விழா எடுத்தார்கள். நியூயார்க் யாங்கீஸ் அணியின் பந்துவீச்சாளர் அவர். அவருடைய ‘கட்டர்’ பந்து மட்டைகளை முறிப்பதில் பேர்போனது. மின்னசோட்டா ட்வின்ஸ் அணியினர் முறிந்த மட்டைகளையே சேர்த்து ஒரு சாய்ந்தாடும் நாற்காலி செய்து, ‘முறிந்த கனவுகளின் நாற்காலி’ என்று அதற்குப் பெயரும் சூட்டி அவருக்குப் பரிசளித்தார்கள். இத்தனை வருடம் அடிவாங்கியவர்கள், அடித்தவருக்குச் செய்த மரியாதை. மறு ஆண்டு அதே யாங்கீஸின் டெரெக் ஜீட்டர் விடைபெற்றபோதும் ஊர் ஊராகப் பரிசுகள் குவிந்தன.

அதே மின்னசோட்டாவில், மின்னியாபொலிஸ் நகரத்தைத் தாண்டி ஒரு மணி நேரம் காரில் போனால் வேறொரு பேஸ்பால் இருக்கிறது. சோளக்காடுகளுக்கு நடுவே சில நூறு பேர் மட்டுமே வாழும் ஊர்கள். ஊருக்கு ஒரு தேவாலயம், ஒரு தானியக் கிடங்கு, விளக்குக் கம்பங்கள் நட்ட ஒரு பேஸ்பால் மைதானம். ‘டவுன் பால்’ என்று பெயர். 1924 முதல் மாநில அளவில் போட்டி நடக்கிறது. 1950 வாக்கில் கிட்டத்தட்ட 800 ஊர் அணிகள் ஆடின. இன்றும் 300 அணிகள் போல இருக்கின்றன. பால் பண்ணைக்காரர், பள்ளி வாத்தியார், எலெக்ட்ரீஷியன், விடுமுறைக்கு வந்த கல்லூரிப் பையன் எல்லாரும் ஒரே அணியில் நிற்பார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது.

அப்படி ஓர் ஊர் அணியில் இருபது வருடம் நின்ற ஒருவர் விலகும்போது பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. செப்டம்பர் வாக்கில் சீசன் முடிகிறது. அடுத்த மே மாதம் அணிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவ்வளவுதான் சமாசாரம்.

பணம் வாங்கி ஆடியவருக்கு ஓய்வு என்றால் வேலை முடிந்தது என்று பொருள். கையில் சேமிப்பு இருக்கும், பென்ஷன் வரும், டி.வி.யில் வர்ணனை செய்யக் கூப்பிடுவார்கள். பணம் கட்டி ஆடியவருக்கு? அவரைப் போகச் சொல்ல முதலாளி இல்லை. முடிந்துபோக ஒப்பந்தம் இல்லை. ஏன் வந்தார் என்று கேட்காத ஓர் இடத்திலிருந்து, ஏன் போகிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டும். இரண்டாவது ஓய்வுதான் கடினமானது என்பது என் கட்சி.

ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள்

அமெரிக்க பேஸ்பால் என்றதும் நமக்கு மேஜர் லீக்கின் 30 அணிகள்தான் நினைவுக்கு வரும். அந்த 30 அணிகளுக்குக் கீழே வேர் விட்டுக் கிடக்கும் அமெச்சூர் லீக்குகளின் கதை நம் விளையாட்டுப் பக்கங்களுக்கு வருவதில்லை. பாஸ்டன் நகரத்துப் பூங்கா மைதானங்களில் 1929-லிருந்து ஒரு லீக் நடக்கிறது. அதில் ஆடுபவர்கள் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள்.

ஆனால் ஒரு தலைமுறைக்கு முன்புவரை இந்த லீக்குகளில் நடுவயதுக்காரர்களுக்குப் பெரிதாக இடமில்லை. கல்லூரி முடிந்ததும் பேஸ்பாலும் முடிந்தது. அதன்பிறகு ஆசை இருந்தால் சாஃப்ட்பால் ஆடு என்பதுதான் வழக்கம். சாஃப்ட்பாலில் பந்து பெரிது, கைக்கு அடியிலிருந்து வீசப்படும், மைதானமும் சிறியது. அலுவலக சுற்றுலாவுக்குப் பொருத்தமான ஆட்டம் என்று பேஸ்பால்காரர்கள் கொஞ்சம் இளக்காரமாகவே சொல்வார்கள். (சாஃப்ட்பாலை வெறியாக ஆடுபவர்கள் மன்னிக்க.)

நியூயார்க்குக்குப் பக்கத்தில் லாங் ஐலண்டில் ஸ்டீவ் சிக்லர் என்பவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. தன் வயதுக்காரர்களைச் சேர்த்து, உண்மையான கடினப் பந்தோடு, முழு அளவு மைதானத்தில் ஆடத் தொடங்கினார். 1988-ல் அது ‘மென்ஸ் சீனியர் பேஸ்பால் லீக்’ என்ற தேசிய அமைப்பாக உருவெடுத்தது. இன்று நாடு முழுவதும் அதற்குக் கிளை லீக்குகள் இருக்கின்றன. ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை பல்லாயிரம். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அரிசோனாவில் அவர்களுக்கென்று ஒரு ‘உலகத் தொடர்’ நடக்கிறது. மேஜர் லீக் அணிகள் மார்ச் மாதத்தில் பயிற்சி எடுக்கும் அதே மைதானங்களில், ஆறு மாதம் கழித்து பிளம்பர்களும் வக்கீல்களும் பல் டாக்டர்களும் வந்து இறங்குகிறார்கள். சொந்தக் காசில் விமான டிக்கெட், சொந்தக் காசில் ஓட்டல் அறை, அலுவலகத்தில் போட்ட லீவு. அப்பாவும் மகனும் ஒரே அணியில் ஆடுவதற்கென்றே தனிப் போட்டியும் உண்டு.

ஃபுளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸில் நவம்பரில் இன்னொரு திருவிழா. ‘ராய் ஹாப்ஸ்’ என்பது அந்த அமைப்பின் பெயர். பெர்னார்ட் மாலமூட் 1952-ல் எழுதிய ‘தி நேச்சுரல்’ நாவலின் நாயகன்தான் ராய் ஹாப்ஸ். 1984-ல் வந்த படத்தில் ராபர்ட் ரெட்ஃபோர்ட் நடித்த பாத்திரம். இளம் வயதில் குண்டடிபட்டு ஆட்டத்தை இழந்து, முப்பதுகளின் நடுவில், யாரும் எதிர்பார்க்காத வயதில், திரும்பி வருகிறவன். நடுவயது ஆட்டக்காரர்களின் அமைப்புக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. அந்த ஊரில் டெர்ரி பார்க் என்று ஒரு பழைய மைதானம். 1920-களில் கானி மேக்கின் ஃபிலடெல்ஃபியா அத்லெடிக்ஸ் அங்கே பயிற்சி எடுத்தது. ராபர்ட்டோ கிளமென்டே ஆடிய பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 1955 முதல் 1968 வரை அங்கேதான் வசந்த காலத்தைக் கழித்தது. கிளமென்டே ஓடிய இடத்தில் 62 வயதுக்காரர் ஒருவர் தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்டிக்கொண்டே முதல் பேஸுக்கு ஓடுவதைக் கிண்டலாகவும் பார்க்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

திருவிழாக்கள் ஆண்டுக்கு ஒருமுறை. மற்றபடி லீக் என்பது ஞாயிற்றுக்கிழமைக் காலைகள்தான். சீசனுக்குத் தலைக்குச் சில நூறு டாலர் கட்ட வேண்டும். அதில்தான் மைதான வாடகை, அம்பயர் கூலி, பந்து, இன்ஷூரன்ஸ் எல்லாம். மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவதிலிருந்து மழை பெய்தால் பிட்சர் மேட்டைத் தார்ப்பாயால் மூடுவதுவரை இவர்கள் வேலைதான். அணிக்கு ஒரு மேனேஜர் இருப்பார். அவர் தலைக்கு வலி தரும் ஒரே விஷயம் ஒன்பதாவது ஆள். சனிக்கிழமை ராத்திரி ஒருவர் மகள் பிறந்த நாள் என்பார், இன்னொருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டிருக்கும். எட்டுப் பேரோடு இறங்கினால், பல லீக்குகளில் ஒன்பதாவது பேட்டரின் முறை வரும்போதெல்லாம் தானாகவே ஓர் ‘அவுட்’ எழுதிவிடுவார்கள்.

நெடுநாள் ஆடியவர்களால் எளிதில் விலக முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். மே மாதத்தில் ஓய்வு என்று சொல்லியிருப்பார். ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை இரவு போன் வரும். “சும்மா வந்து வலது ஓரத்தில் நில்லுங்க, பந்தே வராது” என்பார் மேனேஜர். அங்கேதான் பந்து வரும்.

உடம்பு சொல்லும் வரிசை

கிரிக்கெட்டில் வயதானவரை ஸ்லிப்பில் நிறுத்தி ஒளித்துவிடலாம். பேஸ்பாலில் ஒளிவது கொஞ்சம் கடினம். ஆனாலும் ஒரு வழி இருக்கிறது, எல்லா அமெச்சூர் அணிகளுக்கும் அது மனப்பாடம்.

இருபத்தைந்து வயதில் ஒருவர் ஷார்ட்ஸ்டாப். இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்கும் இடம் அது. வலது கை பேட்டர்கள் அடிக்கும் வேகமான தரைப் பந்துகளில் பெரும்பகுதி அங்கேதான் வரும். குனிந்து எடுத்து, திரும்பி, மைதானத்தின் குறுக்கே முதல் பேஸுக்கு எறிய வேண்டும். ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு 90 அடி. சதுரத்தின் குறுக்காக எறிந்தால் 127 அடிக்குச் சற்று மேல், கிட்டத்தட்ட 39 மீட்டர். மேஜர் லீக் பேட்டர் ஒருவர் பந்தை அடித்துவிட்டு முதல் பேஸைத் தொட நான்கரை விநாடிகூட எடுப்பதில்லை. அதற்குள் இத்தனையும் நடக்க வேண்டும்.

முப்பத்தைந்தில் தோள் முதலில் பேசும். எறிந்த பந்து முதல் பேஸுக்கு ஒருமுறை தரையில் குத்திப் போகிறது. சரி, இரண்டாவது பேஸுக்கு மாற்றுகிறார்கள். எறிய வேண்டிய தூரம் பாதியாகிறது. நாற்பத்திரண்டில் கால். பக்கவாட்டில் எடுத்து வைக்கும் முதல் அடி தாமதமாகிறது. போன வருடம் கையில் வந்த பந்து இந்த வருடம் கையுறையின் நுனியைத் தடவிக்கொண்டு போகிறது. முதல் பேஸுக்கு வருகிறார். அங்கே ஓட்டம் குறைவு. மற்றவர்கள் எறிவதைப் பிடித்தால் போதும். ஐம்பதில் கண். பிட்சர் நிற்கும் கட்டையிலிருந்து ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். 1893-லிருந்து மாறாத தூரம். மணிக்கு 90 மைல் வேகத்தில் வரும் பந்து அதை விநாடியின் பத்தில் நான்கு பங்கு நேரத்தில் கடந்துவிடும். சீனியர் லீக்குகளில் அவ்வளவு வேகம் இல்லைதான். ஆனால் கண்ணும் அவ்வளவு வேகம் இல்லை. பந்து சுழல்வதைப் பார்த்து முடிவெடுத்தது போய், வளையப் போகிறது என்று ஊகித்து மட்டையைச் சுழற்றும் நிலை வருகிறது.

இதற்கு நடுவே காயங்கள். வசந்த காலத்தின் முதல் வாரத்திலேயே தொடைப் பின்தசை. குதிகால் தசைநாண் அறுந்தால் ஓர் ஆண்டு போச்சு. பிட்சர்களுக்கு முழங்கை. 1974-ல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் டாமி ஜானுக்கு, டாக்டர் ஃபிராங்க் ஜோப் முழங்கையில் வேறிடத்துத் தசைநாணை எடுத்துப் பொருத்தினார். அதுவரை அந்தக் காயம் என்றால் வாழ்க்கை முடிந்தது. டாமி ஜான் 1976-ல் திரும்பி வந்தார். தன் 288 வெற்றிகளில் 164-ஐ அதற்குப் பிறகுதான் குவித்தார். 46 வயதுவரை ஆடினார். இன்று அந்த அறுவை சிகிச்சைக்கே அவர் பெயர்தான். ஆனால் அவருக்கு அது தொழில். ஐம்பது வயது தச்சர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்காக அதைச் செய்துகொண்டு, பல மாதம் சுத்தியல் பிடிக்க முடியாமல் இருந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மேஜர் லீக் வீரரின் மனைவிக்கு அவருடைய முழங்கை குடும்பச் சொத்து. அமெச்சூர் வீரரின் மனைவிக்கு அது குடும்பச் செலவு.

உடம்பு இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் கேட்காதவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு லீக்கும் துணைபோகிறது. மேஜர் லீக்கில் பிட்சருக்குப் பதிலாக அடிப்பதற்கென்றே ஒருவரை வைத்துக்கொள்ளும் விதியை அமெரிக்கன் லீக் 1973-ல் கொண்டுவந்தது. நேஷனல் லீக் அதைத் தன் விதியாக ஏற்க 2022 வரை இழுத்தடித்தது. தூய்மைவாதிகள் அரை நூற்றாண்டு சண்டை போட்டார்கள். சீனியர் லீக்குகளோ சத்தமில்லாமல் அதைத் தாண்டிப் போய்விட்டன. வந்த எல்லாருமே அடிக்கலாம். பன்னிரண்டு பேர் வந்தால் பன்னிரண்டு பேரும் பேட்டிங் வரிசையில். வெளியே போனவர் திரும்பி உள்ளே வரலாம். முழங்கால் சரியில்லாதவர் அடித்துவிட்டு பேஸில் நின்றால், அவருக்குப் பதில் இன்னொருவர் ஓடலாம். வயதுப் பிரிவும் நீண்டுகொண்டே போகிறது. முதலில் 30, பிறகு 35, 45, 55, 65. இப்போது 70-க்கு மேலும் பிரிவுகள் உண்டு. 54 வயதில் அணியின் மிக மெதுவான ஆள் என்று வெட்கப்பட்டவர், பிறந்த நாள் தாண்டியதும் 55-க்கு மேற்பட்டோர் பிரிவில் திடீரென்று இளங்காளையாகிவிடுகிறார்.

இதை ஏமாற்று வேலை என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஆட்டத்துக்காக விதியா, ஆடுபவருக்காக விதியா என்று கேட்டால், டிக்கெட் வாங்கிப் பார்க்க ஒரு ஆள்கூட இல்லாத மைதானத்தில் விடை தெளிவு.

பாராட்டு எப்போது அபாயம்?

அப்படியானால் எப்போதுதான் நிறுத்துவது? தெரிந்த பதில்களில் சிறந்தது ஒரு தொழில்முறை வீரரிடமிருந்துதான் கிடைக்கிறது.

யாங்கீஸ் அணியின் லூ கெரிக் 1925-லிருந்து ஓர் ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து 2,130 ஆட்டங்கள் ஆடினார். 1939 வசந்த காலத்தில் அவர் உடம்பில் ஏதோ சரியில்லை. என்னவென்று யாருக்கும் புரியவில்லை. ஏப்ரல் 30-ம் தேதி ஆட்டத்தில் முதல் பேஸ் பக்கம் வந்த ஒரு சாதாரணப் பந்தை எடுத்து முடித்தார். பள்ளிக்கூடப் பையன்கூடச் செய்யும் வேலை. சக வீரர்கள் ஓடிவந்து முதுகில் தட்டிப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டில் கெரிக்குக்கு விஷயம் புரிந்துவிட்டது. மே 2-ம் தேதி டெட்ராய்ட்டில் மேனேஜரிடம் போய், இன்று நான் ஆடவில்லை என்றார். நரம்பைத் தின்னும் ஏ.எல்.எஸ். நோய் அது என்று பிறகு தெரிந்தது. அதன்பிறகு லீக் ஆட்டம் எதிலும் அவர் ஆடவே இல்லை. இரண்டு ஆண்டில், 37 வயதில் இறந்தார்.

சுலபமான காரியத்துக்குப் பாராட்டு வரத் தொடங்கினால் நேரம் வந்துவிட்டது. அமெச்சூர் ஆட்டக்காரரின் சிக்கல் என்னவென்றால், அவரைச் சுற்றி எப்போதுமே பாராட்டுதான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் எல்லாரும் எல்லாரையும் தட்டிக்கொடுப்பார்கள், அதற்காகத்தானே வருகிறார்கள். மேலே எழும்பி நேராகக் கையில் விழுந்த பந்துக்கு “சபாஷ்” கேட்டால், அது நட்பா, இரக்கமா என்று பிரித்தறிய வேண்டும். அதைப் பிரித்தறியும் காதுதான் ஒருவருக்கு இந்த ஆட்டத்தில் கடைசியாக வாய்க்கும் திறமை. பலருக்கு அது வாய்ப்பதில்லை.

வாய்க்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தவர்களும் உண்டு. பாஸ்டன் ரெட் சாக்ஸிலும் மான்ட்ரியல் எக்ஸ்போஸிலும் ஆடி 119 வெற்றிகள் பெற்ற பில் லீ அவர்களில் முதன்மையானவர். ‘ஸ்பேஸ்மேன்’ என்பது அவர் பட்டப்பெயர். 1982-ல் மேஜர் லீக் அவரைக் கைவிட்டது. அவர் பேஸ்பாலைக் கைவிடவில்லை. வெர்மான்ட்டில் உள்ளூர் சீனியர் லீக்கில் ஆடினார். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் கையுறையோடு போனார். 2012-ல், 65 வயதில், கலிஃபோர்னியாவின் சான் ரஃபேல் பசிஃபிக்ஸ் அணிக்காக ஒரு தொழில்முறை ஆட்டத்தில் முழு ஒன்பது இன்னிங்ஸும் தானே வீசி 9-4 என்று ஜெயித்துக் கொடுத்தார். தொழில்முறை ஆட்டத்தில் வென்ற மிக மூத்த பிட்சர் என்ற பெயர் வந்தது. 2022 ஆகஸ்டில், 75 வயதில், ஜார்ஜியாவின் சவானாவில் வீசுவதற்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது சுருண்டு விழுந்தார். அருகிலிருந்தவர்களின் முதலுதவியால் உயிர் பிழைத்தார்.

பில் லீயைப் பார்த்து வியக்கிறேன். பின்பற்றச் சொல்ல மாட்டேன். ஆடிக்கொண்டே சாக வேண்டும் என்று வசனம் பேசுவது எளிது. அந்த வசனத்தைக் கேட்டுக்கொண்டு டக்அவுட்டில் உட்கார்ந்திருக்கும் மற்ற பத்துப் பேரும்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய வேண்டியவர்கள்.

நல்லபடியாக விலகியவர்கள் பெரும்பாலும் ஒரே அடியாக விலகுவதில்லை. ஆட்டத்தை விட்டாலும் மைதானத்தை விடுவதில்லை. ஒருவர் ஸ்கோர் புத்தகத்தை எடுத்துக்கொள்கிறார். (ஸ்கோர் அட்டவணையை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்த ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்தவர், முதலில் கிரிக்கெட் நிருபர் என்பதை நம் வாசகர்கள் ரசிப்பார்கள்.) இன்னொருவர் மூன்றாவது பேஸ் பக்கம் நின்று, ஓடு, நில் என்று கைகாட்டும் கோச் ஆகிறார். வேறொருவர் அம்பயர் முகமூடியை மாட்டிக்கொண்டு, இருபது வருடம் தான் திட்டிய இடத்தில் தானே நின்று திட்டு வாங்குகிறார். மேனேஜர் ஆவது மட்டும் ஆபத்து. வரிசைப் பட்டியல் எழுதும் பேனா கையில் வந்ததும், ஒன்பதாவது இடத்தில் தன் பெயரையே எழுதும் சபலம் வந்துவிடும்.

ஆட்டத்தோடு சேர்ந்து போவது என்ன என்று கேட்டால், அடித்த ஹோம் ரன்களைப் பற்றி அவர்கள் அதிகம் பேசுவதில்லை. டக்அவுட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். ஐம்பது வயது ஆணை ‘டேய்’ போட்டுக் கூப்பிட, அலுவலகத்திலோ வீட்டிலோ யாரும் மிச்சமிருப்பதில்லை. அங்கே பத்துப் பேர் இருந்தார்கள். ஒருவர் நீதிமன்ற எழுத்தர், ஒருவர் சொந்தக் கம்பெனி நடத்துபவர் என்பது பல சீசன் கழித்துத்தான் தெரியவரும். ஆட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் பியர் டப்பாவோடு அரை மணி நேரம் நிற்பதற்காகவே மூன்று மணி நேரம் ஆடியவர்களும் உண்டு.

ஒரு டாக்டரும் ஒரு பங்குத் தரகரும்

சீனியர் லீக்குகளை மேஜர் லீக்கின் மலிவு நகல் என்று நினைப்பது தவறு. வரலாற்றைப் பார்த்தால் நகல் எது, அசல் எது என்பது தலைகீழாகிவிடும்.

1845-ல் நியூயார்க்கில் தொடங்கிய நிக்கர்பாக்கர் கிளப், பேஸ்பாலுக்கு எழுத்து விதி வகுத்த ஆரம்பகால கிளப். உறுப்பினர்கள் வியாபாரிகள், குமாஸ்தாக்கள், டாக்டர்கள். படகேறி ஹட்சன் ஆற்றைக் கடந்து ஹோபோக்கன் ஊரின் எலிசியன் ஃபீல்ட்ஸ் மைதானத்தில் ஆடுவார்கள். எல்லாரும் வளர்ந்த ஆண்கள், எல்லாரும் சந்தா கட்டியவர்கள். ஆட்டத்துக்குப் பணம் வாங்குவதை 1857-ல் உருவான அவர்களது சங்கம் தடை செய்திருந்தது. வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்து ஆடிய சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணி வந்தது 1869-ல்தான்.

நிக்கர்பாக்கர்களில் ஒருவர் டேனியல் லூசியஸ் ஆடம்ஸ். தொழிலால் மருத்துவர் என்பதால் ‘டாக்’ ஆடம்ஸ். சேரும்போதே வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அன்றைய பந்து எடை குறைவு, வெளிப்புறத்திலிருந்து எறிந்தால் வந்து சேராது. நடுவில் நின்று வாங்கி எறிய ஓர் ஆள் வேண்டும் என்று ஆடம்ஸே அங்கே போய் நின்றார். ஷார்ட்ஸ்டாப் என்ற இடம் பிறந்தது அப்படித்தான். கிளப்புக்குப் பந்துகளையும் அவரே கையால் தைத்துத் தந்தார். பேஸ்களுக்கு இடையே 90 அடி, ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ் என்று முடிவான 1857 மாநாட்டுக்கும் அவர்தான் தலைவர். 1862-ல், 47 வயதில், கிளப்பிலிருந்து விலகினார். உறுப்பினர்கள் அவரைக் கௌரவ உறுப்பினராக்கி, ஆட்டக்காரர்களின் மூத்தோன் என்று போற்றிப் பட்டயம் எழுதிக் கொடுத்தார்கள். ஓர் அமெச்சூர் ஆட்டக்காரருக்கு அதைவிடப் பெரிய விடைகொடுப்பு இன்றுவரை நடந்ததாகத் தெரியவில்லை.

விலகிய பிறகும் ஒருமுறை ஆடினார். 1875 செப்டம்பரில், அறுபது வயதில். ஜேம்ஸ் வைட் டேவிஸ் என்ற நண்பர் கிளப்பில் சேர்ந்து 25 ஆண்டு ஆனதைக் கொண்டாட முதியவர்கள் சேர்ந்து ஆடிய ஆட்டம் அது.

டேவிஸ் பங்குத் தரகர். ஆட்டத்துக்குத் தாமதமாக வருவார் என்பதால் ‘டூ லேட்’ என்று அவருக்குக் கிண்டல் பெயர். முப்பது ஆண்டு அந்தக் கிளப்பில் இருந்தார். அவர் கண்முன்பே பேஸ்பால் சம்பளக்காரர்களின் ஆட்டமாக மாறியது. அவருடைய கிளப் 1880-களில் கலைந்தது. 1893-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் உரிமையாளர்களில் ஒருவரான எட்வர்ட் டால்காட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். தான் இறந்ததும் ஆட்ட உடையிலேயே, நிக்கர்பாக்கர் கிளப்பின் பழைய கொடியைச் சுற்றிப் புதைக்க வேண்டும். பேஸ்பால் ஆடுபவர்கள் தலைக்குப் பத்து சென்ட் போட்டுக் கல்லறையில் ஒரு அடையாளம் வைக்க வேண்டும். அதில் என்ன பொறிப்பது என்பதையும் அவரே எழுதி அனுப்பியிருந்தார்.

1899-ல் டேவிஸ் இறந்தார். ஆடம்ஸும் அதே ஆண்டில்தான். புரூக்ளினின் கிரீன்வுட் கல்லறையில் டேவிஸைப் புதைத்த இடத்தில் கல் எதுவும் வைக்கப்படவில்லை. அதற்குள் பேஸ்பால் பெரிய வியாபாரமாகியிருந்தது. பத்து சென்ட் சேரவில்லை. அமெரிக்க பேஸ்பால் ஆய்வுச் சங்கத்தைச் சேர்ந்த ஆர்வலர்கள் 2016-ல்தான் அங்கே கல் நாட்டினார்கள், 117 ஆண்டு தாமதமாக. அதே 2016 ஏப்ரலில், ஆடம்ஸ் வகுத்த 1857 விதிகளின் கையெழுத்துப் பிரதி 32 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் ஆடம்ஸுக்கு இடமில்லை. 2015 டிசம்பரில் 16 பேர் கொண்ட குழு அவர் பெயரைப் பரிசீலித்தது. 12 வாக்கு வேண்டும்; 10 கிடைத்தது. ஒரு காசும் வாங்காமல் ஆடி, ஷார்ட்ஸ்டாப்பையும் 90 அடியையும் தந்துவிட்டுப் போன அந்த டாக்டருக்கு, மிச்சமிருக்கும் இரண்டு வாக்குகளையும் அடுத்து கூடும் குழு போட்டுவிட வேண்டும்.